பால்குடத்துக்காகப் போட்ட மாத்திரை

என் முறுக்கை ஏன் இரண்டு தடவை எண்ணெயில் போடுகிறோம் என்று இத்தனை வருஷத்தில் ஒரே ஒருத்திதான் கேட்டாள். அவள் பெயர் பானுப்ரியா.

மற்றவர்கள் கேட்கவில்லை என்று குறை சொல்ல வரவில்லை. மாரியாயி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் சும்மா சம்பாதிக்கவில்லை. மணப்பாறைக்குப் பக்கத்துப் பட்டி ஒன்றிலிருந்து ஒரு வாணலியையும் முறுக்கு அச்சையும் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு வந்தவள் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. இன்றைக்கு எடமலைப்பட்டி புதூரில் இறங்கி முறுக்குக் கம்பெனி என்று கேட்டால் ஆட்டோக்காரர் என் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார். சிங்கப்பூர் போகிற விமானத்தில் என் முறுக்கு போகிறது. தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமைப்பட என்னிடம் இருக்கிறது, பேசுகிறேன்.

பானுப்ரியா தொட்டியத்துப் பெண். வாழைக் கொல்லைக்குள் வளர்ந்தவள். மருதைக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீரங்கம் மேலூருக்கு வந்தாள். மருதை மினி லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறவன். அவள் இரண்டு பஸ் மாறி என்னிடம் வேலைக்கு வந்தாள். வந்த முதல் வாரமே அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏம்மா, அரைவேக்காட்டுல எடுத்து ஆறவச்சு, திரும்பவும் எதுக்குப் போடறீங்க? ஒரே தடவையில வெந்துடாதா?"

"வேகும். நிக்காது" என்றேன்.

அவள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே தடவையில் பொரித்த முறுக்கு இரண்டை எடுத்துத் தன் டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். அடுத்த வாரம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "நமுத்துப்போச்சும்மா. இப்பதான் புரிஞ்சுது!" அவள் சுபாவம் அது. யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வாள், ஆனால் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். நானும் அப்படித்தான்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. இரண்டு பேருக்கும் கோளாறு ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் மாமியார் சிலம்பாயி, சமயபுரத்தாளுக்குப் பால்குடம் எடுப்பதாக மருமகள் பெயரில் வேண்டிக்கொண்டது. வேண்டுதல் மாமியாருடையது, சுமக்க வேண்டியது மருமகள்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு சித்திரை தொடர்ந்து பால்குடம் எடுக்கிற நாளிலேயே பானுவுக்குத் தேதி வந்துவிட்டது. தெருவே மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கிளம்ப, இவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தடவை சிலம்பாயி வாசலில் நின்று, "ஆத்தாவே இவள ஒதுக்குறா, நான் என்ன செய்ய" என்று ஊர் கேட்கச் சொன்னதாம். அந்தச் சொல் பானுவுக்கு உள்ளே தைத்துவிட்டது.

நம் ஊரில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கல்யாணம், கோயில், காதுகுத்து என்று எது வந்தாலும் பெண்கள் மாத்திரை போட்டுத் தேதியைத் தள்ளிவிடுவார்கள். மூன்றாவது வருஷம் பானுவும் அதைச் செய்தாள். மாத்திரை கொடுத்தது என்னிடம் மாவு பிசைகிற செல்வமேரி. சுகாதார நர்ஸ் இலவசமாகக் கொடுக்கிற கர்ப்பத்தடை மாத்திரை அது.

"வெள்ளையா இருக்கிறத மட்டும் போடு. கடைசி வரிசையில கலரா இருக்கிறது வெறும் சத்து மாத்திரை. அத விட்டுட்டு அடுத்த அட்டைய ஆரம்பிச்சுடு. நிறுத்துற வரைக்கும் தேதி வராது" என்று செல்வமேரி விளக்கம் சொன்னாள். "எங்க கோயில்ல இந்தத் தொந்தரவே கிடையாது, எந்த நாள்லயும் போலாம். ஆனா பாருங்கக்கா, மாத்திரை என்னமோ எங்க வீட்டுலதான் இருக்கு. ஃபாதர்கிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"ஏண்டி பானு, புள்ள வேணும்னு வேண்டிக்கிட்டு, புள்ள வேணாங்கிற மாத்திரையவா முழுங்குற?"

"ஒரு மாசம்தானம்மா. ஒம்போது வருஷமா வராதது இந்த ஒரு மாசத்துலயா வந்துடப் போவுது?"

தேதி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்தாள். அவள் நினைத்தபடியே தேதி வரவில்லை. "நல்லா வேலை செய்யுதும்மா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். சித்திரையில் மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் சுமந்தாள். சிலம்பாயி கூடவே நடந்து வழியெல்லாம் அவளுக்கு விசிறிக்கொண்டு வந்ததாம். கோயிலிலிருந்து வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று செல்வமேரி சொல்லியிருந்தாள்.

வரவில்லை.

அதன் பிறகு ஒருநாள் காலையில் மாவில் ஓமம் சேர்க்கிற நேரம். பானு மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். ஓம வாசனைக்குள்ளேயே நாள் முழுக்க நிற்கிறவள், அதற்கு வாந்தி எடுக்கிறாள். எனக்குப் புரியாமல் இருக்குமா? நான் மூன்று பெற்றவள். செல்வமேரி மருந்துக் கடைக்குப் போய் டெஸ்ட் பண்ணுகிற அட்டை ஒன்று வாங்கி வந்தாள். அரிசி மூட்டை அடுக்கியிருக்கிற அறையில் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கோடு வந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு மெதுவாக எழுந்தது.

செல்வமேரி "மாதாவே!" என்றாள். பானு சிரித்தாள். ஒன்பது வருஷத்துச் சிரிப்பு அது. அது முகத்தில் நிற்கவே இல்லை, உடனே இறங்கிவிட்டது.

"அம்மா, அந்த மாத்திரை?"

பிள்ளை உண்டாகாமல் தடுக்கிற மாத்திரை, உண்டான பிள்ளையை என்ன செய்யும்? சும்மா விடுமா? கையோ காலோ குறையுமா? எனக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் வெட்கப்பட்டதே இல்லை. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்த இடத்துக்கு வந்தேன். செல்வமேரி மட்டும் அழ ஆரம்பித்துவிட்டாள். "பாவி நான், என் கையால குடுத்தேனே!"

அடுத்த நாள் பானு வேலைக்கு வரவில்லை. போன் போட்டேன். எடுத்ததும் தணிந்த குரலில், "அம்மா, கலைக்கச் சொல்றாங்க. மாத்திரை வாங்கிட்டு வந்துட்டாரு" என்றாள். நான் கார் சாவியை எடுத்தேன். இந்த வயதிலும் நானே ஓட்டுவேன். காவேரிப் பாலத்தில் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் திருப்பி அடிப்பேன்.

மேலூர் வீட்டுக்குள் நுழைந்தபோது மருதை கட்டிலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். சட்டைப்பையில் ஒரு மருந்துக் கவர். ஏதோ ஒரு கடையில் சீட்டே இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். சிலம்பாயி சுவரில் சாய்ந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"வாங்கம்மா" என்றது சிலம்பாயி. "நீங்களே சொல்லுங்க. என் நாத்தனாருக்குப் பொறந்த புள்ள பதினெட்டு வயசு வரைக்கும் படுத்த படுக்கை. அள்ளிப் போட்டது அவதான். புருஷன் ஓடிட்டான். இவளும் அப்படிக் கிடந்து அல்லாடணுமா? ஒண்ணு தங்குனா இன்னொண்ணும் தங்கும். இது வேணாம்."

"உங்க நாத்தனார் மாத்திரை போட்டாங்களா?" என்று பானு கேட்டாள்.

"அந்தக் காலத்துல ஏதுடி மாத்திரை?"

"அப்புறம் ஏன் அந்தப் புள்ள அப்படிப் பொறந்துச்சு?"

சிலம்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வாய்க்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று முணுமுணுத்தது.

பானு மருதையின் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எனக்குத் தெரிஞ்சாகணும். மாத்திரை புள்ளைய என்ன பண்ணியிருக்குன்னு தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லட்டும். கெட்டுப்போச்சுன்னு அவங்க சொன்னா, நீங்க வாங்கிட்டு வந்தத நானே கேக்குறேன். தெரியாமலே மட்டும் முழுங்க மாட்டேன். ஒரு தடவை தெரியாம முழுங்குனது போதும்."

மருதை எழுந்து சட்டையைச் சரி பண்ணிக்கொண்டான். "வண்டிய எடுக்கவா?" என்று கேட்டான்.

"வாழைத்தார் ஏத்துற வண்டியிலயா புள்ளத்தாச்சிய ஏத்துவ? என் கார் நிக்குது, ஏறு" என்றேன்.

ஸ்ரீரங்கத்திலேயே டாக்டர் கமருன்னிசா என்று ஒருவர் கிளினிக் வைத்திருக்கிறார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். என் மருமகளுக்குப் பிரசவம் பார்த்தவர். கத்திப் பேசுவார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். எத்தனையோ பெரிய டாக்டர்களை எனக்குத் தெரியும், கேள்வி கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதனால்தான் இவரிடம் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது இது. "எந்த மாத்திரை? அட்டை இருக்கா?"

பானு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து வைத்தாள். டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தார்.

"கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. தேதி தள்ளுற மாத்திரைன்னு கடைக்குக் கடை வேற வேற குடுப்பாங்க. எதுன்னு பாக்காம நான் வாயத் திறக்க மாட்டேன். இது சாதாரண கர்ப்பத்தடை மாத்திரைதான். சரி, இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப தலைக்கு ஊத்துன?"

"மாசிக் கடைசியில டாக்டர். மாத்திரை ஆரம்பிச்சது பங்குனி பாதிக்கு மேல."

டாக்டர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "அப்படின்னா நீ முதல் மாத்திரை போடுறதுக்கு முன்னாடியே கரு உண்டாயிருக்கும்மா."

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "இருங்க டாக்டரம்மா. அப்ப தேதி தள்ளிப்போனது மாத்திரையாலயா, புள்ளையாலயா?"

"புள்ளையாலதான். மாத்திரை வேலை செய்யுதுன்னு இவ நினைச்சுக்கிட்டா. மாத்திரையே போடாம இருந்திருந்தாலும் தேதி வந்திருக்காது. பால்குடம் தாராளமா எடுத்திருக்கலாம்."

மருதை வாய் பிளந்தான். பானு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். அவள் பால்குடம் சுமந்தபோது இரண்டு பேர் நடந்திருக்கிறார்கள்.

"அது சரி டாக்டர்," என்று மருதை தொண்டையைச் செருமினான். "புள்ள வேணாங்கிற மாத்திரை, உள்ள இருக்கிற புள்ளைய விட்டு வைக்குமா?"

"நல்ல கேள்வி. வாசல்ல ஆள் வராம பாத்துக்க ஒருத்தன நிறுத்துறோம்னு வச்சுக்க. அதுக்குள்ள ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டாரு. அவர வெளிய தள்ளுற வேலை இவனுக்குத் தெரியாது. கருத்தடை மாத்திரை அப்படித்தான். உண்டாகாம தடுக்கும். உண்டானதக் கலைக்காது. கலைக்கிறது வேற மருந்து."

"ஊனம்?" என்று கேட்டாள் பானு.

"தெரியாம ஆரம்பத்துல இத போட்டவங்க உலகம் பூரா நிறையப் பேர் இருக்காங்க. அவங்களுக்குப் பொறந்த புள்ளைங்களையும், போடாதவங்களோட புள்ளைங்களையும் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. இந்த மாத்திரையால குறை கூடுனதாத் தெரியல."

நான் விடவில்லை. "எப்படிங்க? என் முறுக்குல ஒரு கை உப்பு கூடுனாலே அத்தனையும் வீணாப்போவுது. இது ஒரு மாசத்துக்கு மேல முழுங்கியிருக்காளே?"

"இதுல இருக்கிறது பொம்பள உடம்பு தானா சுரக்குற சுரப்பு மாதிரிதாங்க. கர்ப்பமானா உடம்பே அத மாத்திரைய விடப் பல மடங்கு சுரக்கும். ஏற்கெனவே உப்பு இருக்கிற கடல்ல நீங்க ஒரு கை போடறீங்க." அவர் பானுவைப் பார்த்தார். "அதுக்காகத் தெரிஞ்ச பிறகும் போடலாம்னு அர்த்தம் இல்ல. நிறுத்தியாச்சா? நல்லது. இனிமே வேணாம். அடுத்த தடவை இந்த மாதிரி ஆரம்பிக்கணும்னா, கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் முதல்ல டெஸ்ட் பண்ணிப் பாரு."

"அப்ப கேரண்டியா டாக்டர்?" என்றான் மருதை.

"டயருக்குக் குடுப்பாங்கப்பா கேரண்டி. எந்தப் புள்ளைக்கும் அத நான் எழுதித் தர முடியாது. மாத்திரையே போடாத நூறு பேருல ரெண்டு மூணு பேருக்கு ஏதோ ஒரு குறை வரத்தான் செய்யுது. இந்த மாத்திரையால அது அதிகமாகாது. அவ்வளவுதான் நான் சொல்றது."

மருதை சட்டைப்பையிலிருந்த கவரை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதைப் பிரித்துப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"இதுக்குத்தான்பா நீ பயந்திருக்கணும். கரு கர்ப்பப்பையில இருக்கா, குழாய்ல இருக்கான்னு பாக்காம இத குடுத்து, ரத்தம் நிக்காம செத்தவங்கள நான் பாத்திருக்கேன். கலைக்கணும்னு யாராச்சும் முடிவு பண்ணுனாகூட அதுக்கும் டாக்டர்கிட்டதான் வரணும்." அவர் நாற்காலியைப் பானுவின் பக்கம் இழுத்துப் போட்டார். "மாத்திரை பயத்த எடுத்து ஓரமா வச்சிரு. இப்ப சொல்லு. உனக்கு இந்தப் புள்ள வேணுமா?"

பானு மருதையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"வேணும்."

"அப்ப படு, ஸ்கேன் பாப்போம்."

கரு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. திரையில் ஒரு அவரை விதை மாதிரி. அதன் நடுவில் ஏதோ ஒன்று படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. அது என்ன என்று பானு கேட்டாள். இதயம் என்றார் டாக்டர். "இதுக்குள்ளவா?" என்று மறுபடியும் கேட்டாள். மருதை கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றான். ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வயிற்று வலியோ ரத்தமோ தெரிந்தால் உடனே வரச் சொன்னார்கள்.

சிலம்பாயி மட்டும் முழுசாக நம்பவில்லை. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாத்தனார் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்த கண் அது. மருமகளை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூடவே போய், "கை ரெண்டும் தெரியுதா? காலு?" என்று கேட்டுத் துளைத்ததாம். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும், "படத்துல தெரியாதது எவ்வளவோ இருக்கு" என்றது. பானு ஏழாம் மாதம் வரை வேலைக்கு வந்தாள். அடுப்படியிலிருந்து அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினேன். செல்வமேரி தன் சாப்பாட்டிலிருந்து ஒரு பங்கை அவள் தட்டில் வைக்காமல் சாப்பிட்டதே இல்லை. நான் கொடுக்கிற டப்பாவைவிட அவள் டப்பாவுக்கு மவுசு அதிகமாக இருந்தது.

மார்கழி பிறந்த வாரம் அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம்தான், சில தையல். செய்தி வந்ததும் நான் போனேன். வார்டில் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தாய், ஒரு துணிப் பொட்டலம்.

சிலம்பாயி குழந்தையை மடியில் போட்டுத் துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல், காது, அண்ணம், ஒன்றையும் விடவில்லை. மருதை பக்கத்தில் நின்றான். குழந்தையைக் கவிழ்த்ததும் சிலம்பாயியின் கை அப்படியே நின்றுவிட்டது.

இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் கறை.

"நான் சொன்னேன்ல" என்றது சிலம்பாயி. "மாத்திரை இறங்கியிருக்கு பாரு."

என் பிள்ளைகளுக்கு அப்படி இருந்ததா என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை. அந்தப் பக்கமாகப் போன நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, அது எல்லாப் புள்ளைக்கும் இருக்கும் பாட்டி. வளர வளர மறைஞ்சுடும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

"எல்லாப் புள்ளைக்குமாம்! சமாதானத்துக்குச் சொல்றா" என்றது சிலம்பாயி.

பானு கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். "ஏய், தையல் போட்டிருக்கு, படுடி" என்றேன். கேட்கவில்லை. சுவரைத் தொட்டுத் தொட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். "அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க புள்ளைய ஒரு நிமிஷம் கவுத்துக் காட்டுறீங்களா?"

அந்தப் பெண் முதலில் முறைத்தாள். பிறகு பானுவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை விலக்கினாள். அங்கேயும் நீலம். பானு அதற்கு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்தக் குழந்தைக்கு இல்லை. சிலம்பாயி, "பாத்தியா!" என்றது. பானு நிற்கவில்லை. அதற்கடுத்த கட்டில், அதற்கடுத்தது. ஒன்றில் சின்னதாக, ஒன்றில் முதுகு வரைக்கும். அதற்குள் வார்டில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளைக் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். "எம்புள்ளைக்கும் இருக்கு! இது என்னாதுக்கா?" என்று கடைசிக் கட்டிலிலிருந்து ஒரு பெண் பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் பானு. "நிறையப் புள்ளைங்களுக்கு இருக்கு. நான் பாத்துட்டேன்."

திரும்பி வந்து கையை நீட்டினாள். சிலம்பாயி குழந்தையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தது.